சீவாளியைத் தூக்கிப் போடாதவர்களுக்கு

அன்புடையீர்,

அருங்காட்சியகத்துக்காக இசைக்கருவிகளைத் தேடிச் சேர்க்கும் வேலையில் தோள்கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

முதல் நன்றி கருவிகளைக் கொடுத்த குடும்பங்களுக்கு. பொதுவாக நாகசுரம் வரும், வாயில் வைத்து ஊதும் சீவாளி வராது. வயலின் வரும், வில் வராது. நீங்களோ ஒடிந்த பிருடை (தந்தியை முறுக்கும் முளை), உறைக்குள் கிடந்த ரசீது, அறுந்த தந்தித் துண்டு வரைக்கும் பொறுக்கி வைத்துக் கொடுத்தீர்கள். அந்தத் துண்டின் விட்டத்தை அளந்துதான் கருவி எந்தச் சுருதிக்குக் கட்டப்பட்டது என்று கணிக்கிறோம். துடைக்காமல் கொடுத்தது அதைவிடப் பெரிய உதவி. பித்தளையை மெருகேற்றினால் செய்தவரின் முத்திரை தேய்ந்துபோகும். விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடங்கள்தான் எப்படி வாசித்தார்கள் என்பதற்குச் சாட்சி.

வயலினுக்குள் புகழ்பெற்ற பழைய இத்தாலியக் கைவினைஞர் 'ஸ்ட்ராடிவேரியஸ்' பெயரிட்ட சீட்டைக் கண்டதும் அவசரப்படாமல், அதன் அடியில் 'ஜெர்மனி' என்று இருப்பதைக் காட்டிய கைவினைஞர்களுக்கு நன்றி. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய பட்டறைச் சரக்குதான்.

அனுமதிக் காகிதங்களில் வழிகாட்டியவர்களை மறக்க முடியாது. கஞ்சிராவின் உடும்புத்தோல், பழைய வில் முனையின் யானைத் தந்தம் இரண்டும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' பன்னாட்டு ஒப்பந்தத்தில், கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் பட்டியலில் பெரும்பாலும் வருபவை. ரோஸ்வுட் மர வகைகள், பிரேசில் வகை தவிர, 2017-இல் ஒட்டுமொத்தமாக, கட்டுப்பாடு சற்றுக் குறைந்த இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. ஆனால் 1992-இலிருந்தே முதல் பட்டியலில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. இதைத் தெரியாமல் அனுப்பினால் கருவி சுங்கத்திலேயே நின்றுவிடும்.

பொதி கட்டியவர்கள் வயலின் தந்திகளை முழுக்கக் கழற்றாமல், எல்லாவற்றையும் சமமாக ஓரிரு சுரம் மட்டும் இறக்கினார்கள். அழுத்தம் போய்விட்டால் உள்ளே நிற்கும் சிறு தூண் சாய்ந்துவிடும். தந்திகளைத் தாங்கும் குதிரையின் இடமும் தெரியாமல் போகும். மேளத்தின் மரத்தில் புழு அரித்த துளைகளுக்குக் கீழே வெளிர்நிறப் புதுத் தூளைக் கண்டு, புழு உயிரோடிருக்கலாம் என்று எச்சரித்தவருக்குத் தனி நன்றி. புழு சாவதற்காக அந்த மேளத்தைத் தனியே வைத்து, சுற்றியுள்ள காற்றில் ஆக்சிஜனை 0.5 சதவீதத்துக்கும் கீழே இறக்கி, மூன்று வாரத்துக்குமேல் அடைத்து வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்த்தோம்.

எப்படிக் கைமாறியது என்று காட்ட முடியாத கருவியை வேண்டாம் என்றபோது வருந்தாமல் புரிந்துகொண்டவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பரணில் இன்னும் ஏதேனும் கிடந்தால், தொட்டுத் துடைக்காமல் நாலு பக்கமும் படம் எடுத்து, யார் வாசித்தது, எங்கே, எந்த ஆண்டுவரை என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
இசைக்கருவிச் சேகரிப்புக் குழுவினர்