சௌசௌ விதைக்காய்: தோல் நிறத்தை மட்டும் நம்பாதீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வட்டவடை, காந்தளூர் பக்கம் பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் உள்ள மரியாதை சௌசௌவுக்கு இல்லை. வழவழப்பான பச்சை, தந்த வெள்ளை, முள் அடர்ந்தது என்று இதில் எத்தனை வகை! விலை போகாதென்று முள்காய்க் கொடியை வெட்டுவது பெரிய இழப்பு. காய்க்கு ஒரே விதைதான். அதுவும் காய்க்குள்ளேயே முளைக்கும். உலர்த்திச் சேமித்தால் செத்துவிடும். கொடி போனால் வகையே போயிற்று.

தோலும் சதையும் தாய்க்கொடியுடையவை. விதையிலோ, தேனீ கொண்டுவந்த பக்கத்துக் கொடியின் மகரந்தமும் சேர்ந்திருக்கும். அதனால் வெள்ளைக்காயை நட்டும் பச்சை காய்க்கலாம். வகை மாறாதிருக்க, தண்டுத் துண்டை வேர்பிடிக்க வைத்து நடுவதே வழி.

காயாக நடுவோர், நன்கு முற்றி 13–15 செ.மீ. முளைவிட்டதை எடுக்கவும். 45 செ.மீ. குழியில் 10 கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு, முளை மேலிருக்கக் காயைப் படுக்கவைத்துப் பாதி மட்டும் மூடவும். முழுக்கப் புதைத்தால் மழை ஈரத்தில் சதை அழுகி முளையும் போகும்.

வகைக்கு இரண்டு கொடியாவது பந்தலில் வளர்த்துக் காக்க, தேவிகுளம் வட்டத்துக் கிருஷி பவன்கள் (கேரள அரசின் வேளாண் அலுவலகங்கள்) முன்வர வேண்டும்.

– மலைக்காய்கறி விவசாயிகள் சிலர், காந்தளூர், இடுக்கி மாவட்டம்