27வது படியில் இருந்த நாற்காலி: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

செக்ரட்டரி சாருக்கும் சங்கத்தில் இருக்கிற மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

மூன்றாவது மாடியிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் வரவில்லை, ஆனால் அங்கே என்னைப் பற்றிப் பேசியது சாயங்காலத்துக்குள் வீடு தேடி வந்துவிட்டது. தண்ணீர் லாரி வந்த செய்திகூட அவ்வளவு சீக்கிரம் மேலே ஏறாது. நரம்பு வலி இருப்பதால் ஏறும்போது நடுவில் உட்காரப் படி திரும்புகிற இடத்தில் நான் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவிட வேண்டுமாம், பொது இடத்தில் சொந்தப் பொருள் வைக்கக்கூடாதாம். சரி, அதில் நியாயம் இருக்கிறது, அப்புறம் வருகிறேன். "பொங்கலுக்கு ஒன்றரை மணி நேரம் குனிஞ்சு கோலம் போட்டாங்களே, அப்ப வராத வலி படி ஏறும்போது மட்டும் வருதா?" என்று ஒருவர் கேட்டதும் நாலு பேர் சிரித்ததும்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

கோலம் போட்டது உண்மை. அன்றைக்கு விடியற்காலை எழுந்தபோது வலி இருக்கிற இடமே தெரியவில்லை, ரெண்டு வருஷத்தில் அப்படி ஒரு காலை வந்ததில்லை, அதனால் ஆசை. புள்ளி வைத்து, கரும்பும் பானையும் வரைந்து, காவி கட்டி, கேட் வரைக்கும் இழுத்துவிட்டேன். நீங்கள் பார்த்தது அவ்வளவுதான். அடுத்த நாலு நாள் கட்டிலை விட்டு இறங்காததும், மாட்டுப் பொங்கலுக்கு ஓட்டல் சாப்பாடு வந்ததும், காணும் பொங்கலுக்கு வந்த நாத்தனாரைப் படுத்தபடியே "வாங்க" என்றதும் கதவுக்கு உள்ளே நடந்தவை.

எனக்கு வந்தது அக்கி. சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது உடம்பில் நுழைந்த கிருமி நரம்பு வேரில் பதுங்கிக் கிடந்து, பல வருஷம் கழித்து அந்த நரம்பு வழியாகவே வெளியே வருவதுதான் இது. எனக்கு இடது இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் கொப்புளம். ஊர் வழக்கப்படி முதலில் காவியால் அக்கி எழுதிக்கொண்டேன், குளிர்ச்சியாகச் சுகமாகத்தான் இருந்தது. டாக்டரிடம் போகும்போது ஆறு நாள் ஆகியிருந்தது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்திருந்தால் நல்ல பலன் இருந்திருக்கும் என்றார். (உங்களில் 50 தாண்டியவர்கள் இதற்கான தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள், இங்கேயும் கிடைக்கிறது.) கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. நரம்பு கெட்டது கெட்டதுதான். அடுப்புப் பக்கத்தில் நிற்கிற மாதிரி எரிச்சல், நடுநடுவே கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு, துணி உரசினாலே போதும். பாவாடை நாடாவை இடுப்பில் இறுக்கிக் கட்ட முடியாது. நான் நைட்டியோடு பால் வாங்க இறங்குவதைப் பற்றியும் ஒரு பேச்சு ஓடுவது தெரியும், காரணம் அந்த நாடாதான். காலையில் யாராவது குட்மார்னிங் சொன்னால் பதில் சொல்லாமல் கைப்பிடியையே பிடித்துக்கொண்டு போவது திமிர் இல்லை, நரம்பு வலிக்கு ராத்திரி போடுகிற பிரிகாபலின் மாத்திரை, தலை கிறுகிறுக்கும்.

பொங்கல் கூத்துக்கு அப்புறம் பிசியோதெரபி பெண்ணிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நல்லா இருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வது, நாலு நாள் விழுவது, எழுந்ததும் பாக்கியைச் சேர்த்துச் செய்வது, மறுபடி விழுவது. இப்படியே போனால் செய்ய முடிகிற வேலை குறைந்துகொண்டேதான் வருமாம். பயந்து படுத்தே கிடந்தாலும் உடம்பு தளர்ந்து அதே கதிதான். வலி வந்து நிறுத்தச் சொல்லும்வரை காத்திருக்காதீங்க, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்க என்றார். இப்போது எதை எடுத்தாலும் செல்போனில் 15 நிமிஷம் அலாரம். சாம்பார் வெங்காயம் உரிக்கும்போது அடிக்கும், தட்டில் இன்னும் ஏழே ஏழு வெங்காயம் இருக்கும், அதை அப்படியே விட்டுவிட்டு எழ வேண்டும். முப்பது வருஷம் சமைத்த கைக்கு அது லேசில் வரவில்லை.

படி ஏறுவதற்கும் இதே கணக்குதான். நம் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, கீழேயிருந்து என் வாசலுக்கு 54 படி. ஒரு வாரம் எண்ணி எழுதினேன். மோசமான நாளில் 20க்கே எரிச்சல் ஏறியது, நல்ல நாளில் 54ம் ஏறினேன், சராசரி போட்டால் 34. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து அங்கே உட்காரச் சொன்னார் பிசியோதெரபி பெண்: 27. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடம் சரியாக 27வது படி! நாற்காலி அங்கே வந்த கதை இதுதான். நல்ல நாளிலும் அங்கே ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தே ஆக வேண்டும், அதுதான் மருந்து. அதனால்தான் நீங்கள் பார்க்கும்போதெல்லாம் மூச்சு வாங்காமல், முகம் சுளிக்காமல், ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறேன். முடியாமல் போன பிறகு உட்கார்ந்து என்ன பிரயோஜனம்? இந்த ரெண்டு மாதத்தில் ஒரு நாள்கூட முழுசாகப் படுக்கவில்லை, அடுத்த வாரம் 29வது படிக்குப் போகலாம் என்கிறார், அது வேறு சிக்கல், அங்கே திருப்பமே இல்லை.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் இருக்கின்றன, நாள்பட்ட வலி என்று அதில் தனியாக ஒன்று இல்லை. என்னிடம் காட்ட சான்றிதழும் இல்லை. ஆகவே சட்டம் பேசவில்லை, கேட்கிறேன்.

சிலிண்டர் கொண்டுவருகிற பையன் அந்த நாற்காலியில் ஒரு தடவை இடித்துக்கொண்டது எனக்கும் தெரியும். அதற்குப் பதிலாகச் சுவரில் கீல் வைத்து மடக்குகிற மாதிரி ஒரு சின்னப் பலகை அடித்துக்கொள்கிறேன். ஆசாரி, மரம், சுவரில் போடுகிற ஓட்டைக்குப் பூச்சு எல்லாம் என் செலவு. மடக்கினால் நாலு விரல் கனம்கூட இருக்காது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், முதல் மாடித் தாத்தா இப்போதே காய்கறிப் பையை அந்த நாற்காலியில் வைத்துத்தான் மூச்சு விடுகிறார்.

வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறேன். எனக்கு நாற்காலி போடுவதானால் வாசல் பக்கமாகப் போடுங்கள். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அலாரம் அடிக்கும், எழுந்து கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு நடை நடந்துவிட்டு வருவேன், யாரும் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்துப் பின்னாலேயே வர வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி, இடது பக்கத்து வீடு