ஆல்ட்டோ வரிசைக்கும் அடுப்படிக்கும் நன்றி

பாளையங்கோட்டை
ஜனவரி 2024

எங்கள் சபைப் பாடகர் குழுவோடும், பள்ளிச் சேர்ந்திசைப் பிள்ளைகளோடும் போன வருஷம் முழுக்க நின்ற எல்லாருக்கும்,

வணக்கம். ஜனவரி 6 அன்று கேரல் ஆராதனை, அதாவது கிறிஸ்து பிறப்புப் பாட்டு ஆராதனை, முடிந்ததும் நிறைய பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்தினீர்கள். சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. வாழ்த்தெல்லாம் என்னிடமும், மெட்டைப் பாடிய சோப்ரானோ பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தது. அதில் பெரும்பங்கு போகவேண்டிய ஆட்கள் அப்போது நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஆல்ட்டோ வரிசை. நாலு குரலில் ஒரு பாட்டைப் பாடினால் சபைக்குக் காதில் விழுவது சோப்ரானோ, பெண்களும் பிள்ளைகளும் பாடுகிற மேல்குரல். அடியிலிருந்து ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் தாங்குவதும் தெரிந்துவிடும். நடுவிலே ஆல்ட்டோவும் (பெண்களின் கீழ்க்குரல்) டெனரும் (ஆண்களின் மேல்குரல்) என்ன பாடினார்கள் என்று யாரும் வீட்டுக்குப் போகிற வழியில் முணுமுணுத்துப் பார்ப்பதில்லை. ஒரே சுரத்தில் நாலைந்து பார் நிற்கவேண்டும், அப்புறம் அரைச்சுரம் இறங்கவேண்டும், மறுபடி பழைய இடத்துக்கே வரவேண்டும். பெரும்பாலும் அதுதான் அவர்கள் பங்கு. ஆனால் பல இடங்களில் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டின் (chord) மூன்றாம் சுரம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அது அரைச்சுரம் இறங்கினால் மேஜர் மைனராகிவிடும். பாட்டு சந்தோஷமா துக்கமா என்பதை மெட்டைப் பாடுகிறவர்கள் தீர்மானிப்பதில்லை, இவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

எங்கள் ஆல்ட்டோ வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிற பெண்கள். ஒருவர் நர்ஸ், இரவு டியூட்டி முடிந்து நேரே பயிற்சிக்கு வருவார். இரண்டு பேர் ஆசிரியைகள். ஒரு மதினி தையல் கடை வைத்திருக்கிறார். பயிற்சியில் சோப்ரானோவுக்குச் சொல்லிக்கொடுக்கவே பாதி நேரம் போய்விடும். அதுவரை இவர்கள் பேசாமல் உட்கார்ந்து தங்கள் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கே மூச்சு எடுக்கலாம், எங்கே எடுக்கக்கூடாது, பக்கத்து ஆள் மூச்சு எடுக்கும்போது யார் பிடித்துக்கொள்ளவேண்டும் என்றெல்லாம். அந்தப் பென்சில் குறிப்புகள் வருஷக் கடைசியில் எங்களைக் காப்பாற்றின. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் பெரிய வெள்ளிக்கான ஏழு வார்த்தைப் பாடல்கள், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றியவை. பெரிய வெள்ளி 2023-இல் ஏப்ரல் 7-ஆம் தேதியே வந்துவிட்டது, பரீட்சை நெருக்கடியான நேரம். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களை வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அனுப்பினார்கள். அந்தப் பெற்றோருக்கு நன்றி. அவர்கள் வராவிட்டால் டெனரில் கேட்கிற அளவுக்குக் குரல் இருந்திருக்காது.

போன வருஷம் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒரு கீர்த்தனை. பாமாலைப் பாட்டுகள், அதாவது மேல்நாட்டு மெட்டில் பாடும் சபைப் பாட்டுகள், நாலு குரலுக்கென்றே பிறந்தவை, அதில் சிக்கல் இல்லை. கீர்த்தனை அப்படியல்ல, அதற்கு ராகம் இருக்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது ஆனந்தபைரவி. அதன் காந்தாரம், 'க' என்கிற சுரம், ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். கீழே ஆல்ட்டோவுக்கு அதே காந்தாரத்தைப் பியானோக் கட்டையில் இருப்பதுபோல் நிறுத்திக் கொடுத்தால் இரண்டும் உரசும். மெட்டை கட்டைக்கு ஏற்ப நேராக்கினால் ராகமே போய்விடும். நம் சபைகளில் பல கீர்த்தனைகளுக்கு நடந்தது இதுதான், எனக்கு அதில் ரொம்ப நாளாக வருத்தம் உண்டு.

இதற்கு வழி காட்டியவர் ஓய்வுபெற்ற வயலின் ஆசிரியை ஒருவர். அம்மா கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குள் அதுவரை வந்ததே இல்லை. நான் போய்க் கேட்டதும், "பிள்ளைகள் எல்லாரும் வருவார்களா? அப்போ சரி" என்று ஒத்துக்கொண்டார். அவர் சொன்ன யோசனை எளிமையானது. பேஸும் டெனரும் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் தம்பூரா மாதிரி பிடித்துக்கொள்ளட்டும், ஆடுகிற சுரங்களின் கீழே யாரும் எதையும் வைக்கவேண்டாம், வரி முடிகிற இடத்தில் மட்டும் ஆல்ட்டோ பிரிந்து வரட்டும். அப்படியே எழுதினேன். ஆல்ட்டோ அங்கே பிரிகிறபோது மெட்டு கெடாமல் விரிகிறது. அம்மா வாரம் தவறாமல் வந்து, சோப்ரானோ வரிசையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாடவிட்டு அந்தக் காந்தாரத்தைத் திருத்தினார். சம்பளம் வாங்கமாட்டேன் என்றுவிட்டார். அம்மா, இந்த மடலை உங்கள் பேத்தி படித்துக்காட்டுவாள் என்று நம்புகிறேன். உங்களுக்கு நான் பட்ட கடன் பெரிது.

பள்ளியில் சுதந்திர தினத்துக்கு பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாகப் பாடினோம். தமிழில் பல குரல் பாட்டு என்றாலே சர்ச் என்று பலர் நினைக்கிறார்கள். எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதியைப் பல குரலில் பாட வைத்தவர். மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர் என்றுதான் அவரைப் பலருக்குத் தெரியும். 1988-இல் அவர் போய்விட்டார், ஆனால் அவர் போட்ட வழி இன்னும் திறந்தே இருக்கிறது. எங்கள் பள்ளிக் குழுவில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மதிய இடைவேளையில் தங்கள் ஓய்வைக் கொடுத்து அறையைத் திறந்துவைத்த ஆசிரியர்களுக்கும், "பாட்டுக்கு எதற்கு இத்தனை பீரியட்" என்று ஒருநாளும் கேட்காத தலைமையாசிரியைக்கும் என் வணக்கம்.

அந்தக் குழுவில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், ஜூன் வரை நல்ல சோப்ரானோ. ஜூலையில் குரல் உடைந்தது. இந்தச் சமயத்தில் பையன்களை உட்காரவைத்துவிடுவதுதான் வழக்கம், அவர்களில் பாதிப் பேர் அதன்பின் திரும்பி வருவதே இல்லை. அவனும் நின்றுவிட்டான். அவன் அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "வீட்டில் வாயையே திறக்க மாட்டேங்கிறான் மிஸ்" என்றார். பாட வைத்துப் பார்த்தேன். நடுவில் ஐந்தாறு சுரம் மட்டும் பத்திரமாக இருந்தது. அந்தச் சுரங்களுக்குள்ளேயே அவனுக்கென்று ஒரு வரி எழுதினேன், ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் நடுவில். சுதந்திர தினத்தன்று அவன் பாடினான். டிசம்பருக்குள் குரல் இன்னும் இறங்கி டெனர் வரிசைக்கு வந்துவிட்டான். அந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

இனி டிசம்பர்.

17-ஆம் தேதி, ஞாயிறு மாலை கேரல் ஆராதனை என்று அறிவித்திருந்தோம். அன்று பெய்த மழையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள்ளும் வந்தது. வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் குழுவின் பாட்டுத் தாள்கள் இருந்த பீரோ. எதிர்வீட்டு மாடியில் எங்களுக்கு இடம் கொடுத்து, மாமியாரை நாற்காலியோடு தூக்கிப்போன அந்த வீட்டுப் பையன்களுக்கு ஆயுசுக்கும் நன்றி.

பாளையங்கோட்டை மேடான பகுதி. அங்கே சபை மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் கிடைக்கவில்லை. எங்கள் கோயில்குட்டி அண்ணன், அதாவது சர்ச் பணியாளர், அசனத்துக்கு (சபை விருந்துக்கு) எடுக்கிற அண்டாக்களை யாரும் சொல்லாமலே இறக்கிக் கழுவி வைத்தார். விறகு மூட்டி முதல் உலையை வைத்தவர்கள் நான் மேலே சொன்ன அதே ஆல்ட்டோ வரிசை. கேரல் ஆராதனைக்குப் போட்டுக்கொள்ள எடுத்துவைத்த வெள்ளைச் சேலைகள் பையிலேயே இருக்க, அவர்கள் வெங்காயம் உரித்தார்கள். சாம்பார் சாதம், எலுமிச்சம் சாதம், உப்புமா. பேஸ் வரிசை அண்ணாச்சிமார் பொட்டலம் கட்டி, தண்ணீர் வடியாத தெருக்களுக்குள் தலையில் சுமந்து போனார்கள். மண்டபத்தில் தங்கியிருந்த குழந்தைகள் இருட்டில் அழுதபோது நர்ஸ் அக்கா ஒரு கேரல் பாட்டை எடுத்தார். அடுப்படியிலிருந்து ஆல்ட்டோவும், வாசலில் பொட்டலம் கட்டியவர்களிடமிருந்து பேஸும் தானாகச் சேர்ந்துகொண்டன. கீபோர்டு இல்லை, யாரும் கை காட்டவில்லை. சுரம் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

தண்ணீர் வடிந்தபின் பீரோவைத் திறந்தேன். எங்கள் குழு இன்னும் டானிக் சோல்ஃபா என்கிற எழுத்துக் குறிப்பில்தான் பாடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வன் என்ற போதகர் இங்கிலாந்தில் பரப்பிய முறை அது. ஐந்து கோடு படிக்கத் தெரியாத எளிய ஜனங்களும் சபையில் சேர்ந்து பாடவேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். டோ, ரே, மீ எழுத்துகளும், தாளத்துக்கு இரட்டைப்புள்ளியும், நீட்டலுக்குக் கோடுமாக, மூத்தவர்கள் மை பேனாவால் கையால் எழுதிவைத்த தாள்கள். மை கரைந்து பக்கமெல்லாம் ஊதா நிறம்.

அப்போதுதான் ஆல்ட்டோக்களின் கைப்பைகளிலிருந்து தாள்கள் வெளியே வந்தன. பென்சில் கரைவதில்லை. அவர்களிடம் நாலு குரலும் சேர்ந்த நகல்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, சென்னையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்திக்கு அனுப்பினோம். அவளே அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து தவித்தவள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் அடித்து, சோல்ஃபாவும் ஐந்து கோட்டு ஸ்டாஃபும் சேர்த்தே அனுப்பிவிட்டாள். ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி காசு வாங்க மறுத்தார். அவர் கடையிலும் தண்ணீர் புகுந்திருந்தது.

கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில் தெரிந்த பாட்டுகளை மட்டும் பாடினோம். கேரல் ஆராதனை ஜனவரி 6-க்குத் தள்ளிப்போனது. காணிக்கை முழுவதையும் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீடிழந்தவர்களுக்கு என்று சபை முடிவு செய்தது. கடைசியாக இசையமைப்பாளர் ஹாண்டலின் 'மேசியா'விலிருந்து அல்லேலூயா கோரஸ். 1742 ஏப்ரல் 13-இல் டப்ளினில் அதை முதன்முதலில் அரங்கேற்றியபோதும் வசூல் ஆஸ்பத்திரிகளுக்கும், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும்தான் போனது. 142 பேர் அந்தப் பணத்தால் வெளியே வந்தார்கள். இதைப் பயிற்சியில் சொன்னபோது பேஸ் வரிசையில் ஓர் அண்ணாச்சி, "அப்போ இது சரியான பாட்டுதான் டீச்சர்" என்றார்.

இரவல் கீபோர்டு கொடுத்த சபையாருக்கும், ஒவ்வொரு சனிக்கிழமையும் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்ட என் கணவருக்கும், தேதியை மாற்றச் சொல்லி நான் கேட்கும் முன்பே மாற்றித்தந்த எங்கள் போதகர் ஐயரவாளுக்கும் நன்றி.

இந்த 2024, கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் பிறந்த 250-ஆவது ஆண்டு. 1774-இல் நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போய், பின்னாளில் தஞ்சை மன்னரான இளம் சரபோஜியோடு படித்தவர். செப்டம்பரில் அவர் கீர்த்தனைகளை ராகம் கெடாமல், அந்த வயலின் அம்மா காட்டிய முறையில், பல குரலில் பாட ஆசை. அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.

அதற்கு முன் பிப்ரவரி 14, லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் வந்துவிடும். ஏழு வார்த்தைப் பாடல்களுக்குப் பயிற்சி பிப்ரவரி முதல் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. டெனருக்கு ஆள் வேண்டும். ஸ்டாஃப் நோட்டேஷன் தெரியாவிட்டால் பரவாயில்லை, சோல்ஃபா சொல்லித்தருகிறேன். வரும்போது பென்சில் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பாட்டு டீச்சர்