பானெட்டுக்கு அடியில் தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்

கார் தயாரிக்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல்லில் ஆயில் கடை வைத்திருக்கிறேன். லாரி ஊர் என்பதால் ஆரம்பத்தில் லாரிக்காரர்களை நம்பித்தான் கடை ஓடியது. இப்போது கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கார்க்காரர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒரு பெரியவர் ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை கிளம்பினார். முந்தின நாள் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தது. வீட்டில் மிச்சம் இருந்த என்ஜின் ஆயிலை எடுத்து ஊற்றிவிட்டார். மறுநாள் காரவள்ளி அடிவாரம் போவதற்குள் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டு, வண்டி நகர மறுத்துவிட்டது. மலை ஏறும் முன்பே நின்றது அவர்கள் செய்த புண்ணியம். மெக்கானிக், பிரேக் பெடலை மிதித்தால் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து, உள்ளே இருந்த ரப்பரை என் கடைக்கு எடுத்துவந்து காட்டினார். இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போய், நகம் பட்டாலே பிய்ந்துவிடும் போல இருந்தது.

பெரியவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஊரே அதை ‘பிரேக் ஆயில்’ என்கிறது. நானும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறேன். ஆயில் என்று பெயர் இருந்தால் ஆயிலைத்தானே ஊற்றுவார்கள்? ஆனால் அது ஆயிலே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். பெட்ரோலியத்திலிருந்து வரும் எந்த ஆயில் பட்டாலும் அந்த ரப்பர் வீங்கிவிடும். டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 (பிரேக் திரவத்தின் தரக் குறியீடு) மட்டும் ஊற்றவும் என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

அந்தத் திரவத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பழைய திரவம் உள்ளேயே கொதித்து ஆவியாகும். அப்புறம் பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை ஆறு ஏழு வருடமாக மாற்றாமலே மலைக்குப் போய் வருகிறவர்கள் என் வாடிக்கையாளர்களில் எத்தனையோ பேர்.

அடுத்தது டீசல் கார். எங்கள் ஊரில் 15டபிள்யூ-40 லாரி ஆயில் பக்கெட் கணக்கில் கிடைக்கும். விலையும் குறைவு. டீசல் வண்டிதானே என்று காருக்கும் அதையே கேட்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியைச் சூடேற்றி எரித்துவிடலாம். ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஏசிஇஏ சி3 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு போட்டது போன்ற சாம்பல் குறைந்த ஆயிலை நீங்கள் கேட்கிறீர்கள். ஆயிலில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர் கடைசியில் டிபிஎஃப் மாற்ற எவ்வளவு செலவழித்தார் என்று கேட்டால் வயிறு எரியும்.

பெட்ரோல் காரில் வேறு மாதிரித் தொல்லை. “நம்ம ஊர் வெயிலுக்கு 0டபிள்யூ-20 தண்ணி மாதிரி இருக்குண்ணா, கெட்டியா ஒண்ணு குடுங்க” என்பார்கள். முன்னால் நிற்கும் 0டபிள்யூ குளிர்காலத்துக்கான எண், சூடான என்ஜினில் பேசுவது பின்னால் இருக்கும் 20 என்று புரியவைக்கப் பார்ப்பேன். சில பேர் கேட்பார்கள், பல பேர் மெக்கானிக் சொன்னதையே வாங்கிப் போவார்கள். அளவிலும் இதே கதைதான். மூன்று லிட்டர் சொச்சம் பிடிக்கிற என்ஜினில் நாலு லிட்டர் கேனையும் கவிழ்க்கிறார்கள். என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைத்துப் போகிறது.

என்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டை எல்லாரும் நிறம் பார்த்து வாங்குகிறார்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிக்கிறவர் கலக்கும் சாயம், நிறத்துக்கென்று பொதுவான விதி கிடையாது. தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்ற வேண்டிய கூலன்ட்டிலும் போர் தண்ணீரைக் கலக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளையாய் உப்புப் படிய வைக்கும். ரேடியேட்டருக்குள் சும்மா இருக்குமா?

பெட்ரோல் பங்கிலும் கேள்விதான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது வருகிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களின் பாகங்கள் அதைத் தாங்கும் என்கிறீர்கள். அதற்கு முந்தைய கார் வைத்திருப்பவர் எந்த ஹோஸை, எந்த சீலைப் பார்க்க வேண்டும்? இதை மாடல் வாரியாக எழுத்தில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். என் கவுன்டரில் நின்று கேட்கிறவருக்கு நான் எதைக் காட்டுவேன்?

எல்லாம் கையேட்டில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கம், நான் பார்த்தவை எல்லாம் ஆங்கிலத்தில். செகண்ட் ஹேண்டில் வாங்கியவரிடம் பெரும்பாலும் அதுவும் இருப்பதில்லை.

டிரைவர் கதவைத் திறந்தால் டயர் காற்று அளவு ஸ்டிக்கர் இருக்கிறது, படம் போட்டு, எண் போட்டு. பங்சர் கடைப் பையன்கூட அதைப் பார்த்துத்தான் காற்று பிடிக்கிறான். அதே மாதிரி பானெட்டுக்கு அடியில் ஒன்று ஒட்டுங்கள், தமிழில். என்ஜின் ஆயில் என்ன கிரேடு, ஃபில்டர் மாற்றினால் எத்தனை லிட்டர், கூலன்ட் எந்த வகை, தண்ணீர் கலக்கலாமா, பிரேக் திரவம் டாட் எத்தனை, கியர்பாக்ஸுக்கு எது. பிரேக் டப்பா பக்கத்தில் மட்டும் ‘இது ஆயில் அல்ல’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பழைய மாடல்களுக்கும் இதையே ஒரு பக்கமாக இணையத்தில் வையுங்கள். சேஸிஸ் நம்பர், ஓடிபி எதுவும் கேட்காமல் திறக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஒரகடத்திலும் கார் செய்கிறீர்கள், அந்த ஷெட்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டப்போகிற கைகளும் தமிழ் படிக்கிற கைகள்தான்.

இப்போதைக்கு நான் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் யாராவது கையேட்டோடு வந்தால், டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, அவர் வண்டியின் விவரத்தைத் தமிழில் எழுதிக்கொள்வேன். பல மாடல்களுக்கு இன்னும் பெயர் மட்டும் எழுதி இடம் விட்டிருக்கிறேன். உங்களில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்து, தப்பாக எழுதியிருப்பதைத் திருத்தி, காலியாக இருக்கும் இடங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
நாமக்கல் ஆயில் கடைக்காரர்