செலரி கேட்டால் வந்த உருண்டை

அன்புள்ள மாலு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டாதே. குளிர் தொடங்கியதிலிருந்து பையனுக்கு இருமல், அவன் விட்டால் எனக்கு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி.

சரி, இந்த வாரக் கூத்தைக் கேள். ஃப்ரைடு ரைசுக்குச் செலரித் தண்டு வேண்டி, இவரிடம் சீட்டில் ‘செல்லரி’ என்று ஜெர்மனில் எழுதிக் கொடுத்தேன். வந்து இறங்கியதோ சேனைக்கிழங்குக்குத் தம்பி மாதிரி ஒரு உருண்டை. ஒரு கிலோ தேறும். அடியெல்லாம் தாடிபோல வேர், இடுக்கெல்லாம் மண். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே வெறுமனே செல்லரி என்றால் பலருக்கும் இதுதான், ஆங்கிலத்தில் ‘செலரியாக்’ என்பார்களே, அது. நம் பச்சைத் தண்டு வேண்டுமென்றால் ‘ஷ்டாங்கன்செல்லரி’ என்று தண்டைச் சேர்த்துக் கேட்க வேண்டுமாம்.

ஆஸ்திரியாக்காரர்கள் இதையே ‘ட்ஸெல்லர்’ என்கிறார்கள். பிரெஞ்சில் ‘செலெரி ராவ்’, இத்தாலியனில் ‘செதனோ ராப்பா’, ஸ்பானிஷில் ‘அப்பியோநாபோ’. ராவ், ராப்பா, நாபோ மூன்றும் டர்னிப் வகையறா. டர்னிப் கடுகுக் குடும்பம். இதுவோ கொத்துமல்லிக்கும் கேரட்டுக்கும் பங்காளி! உருண்டையாக இருந்த பாவத்துக்கு அந்தப் பேர். தண்டும் இதுவும் ஒரே இனம்தான், அடி பருப்பதற்காகவே தேர்ந்து வளர்த்த ரகம் இது. வேர்க்காய் என்கிறோமே தவிர, பருத்திருப்பதில் தண்டின் அடிப்பகுதியும் சேர்த்தி. செலரி என்ற சொல்லே கிரேக்க ‘செலினோன்’ வழி வந்தது. சிசிலியில் அந்தப் பேரிலேயே செலினுந்தே என்று ஒரு பழைய ஊர் உண்டு. அதன் நாணயத்தில் இந்த இலையைத்தான் பொறித்திருந்தார்கள்.

தோல் சீவி இதனிடம் பலிக்கவில்லை. கத்தியால் கனமாகச் செதுக்கினேன், கால்வாசி குப்பைக்குப் போனது. நறுக்கி வைத்தால் வாழைக்காய் மாதிரிக் கறுக்கிறது, எலுமிச்சைத் தண்ணீரில் போட வேண்டியதாயிற்று. கடுகு, உளுந்து, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். உருளைக்கிழங்கு போல மாவாகாது, மாவுச்சத்து குறைவு. வாசனை மட்டும் அசல் செலரி. இவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார், பையன் ஒதுக்கிவிட்டான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கடையில் கேரட், லீக், பார்ஸ்லி எல்லாம் சேர்த்துச் சூப்புக்கென்று கட்டி விற்பார்கள். அதில் வெள்ளையாக ஒரு துண்டு இருக்கும், பேர் தெரியாமலே ஆறு வருஷமாகக் கொதிக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவும் இதேதான்!

பாதி இன்னும் ஃப்ரிஜ்ஜில் கிடக்கிறது. சேனைக்கு நீ வறுத்து அரைக்கும் மசாலா அளவை உடனே எழுது. மிளகு எத்தனை என்பதை மறக்காதே.

அன்புடன்,
சுமதி