நாப்லஸ் மேயரை எனக்குக் காட்டியவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சென்ற ஞாயிறு மாலை மழையையும் பாராமல் கிளை நூலகத்துக்கு வந்து, பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் உள்ள நாப்லஸ் நகரின் மேயராக இருந்த பஸ்ஸாம் ஷக்கா பற்றிய என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டீர்கள். பாராட்டவும் செய்தீர்கள். அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் எனக்குச் சேராது. உரியவர்களிடம் சேர்த்துவிடத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மேலாளர் ஐயாவுக்கு. நான் முதலில் எழுதிக் கொண்டுபோனது வெறும் குண்டுவெடிப்புக் கதை. 1980 ஜூன் 2ஆம் தேதி, காரில் பொருத்தியிருந்த குண்டு வெடித்து நாப்லஸ் மேயர் இரண்டு கால்களையும் இழந்தார். வைத்தது யூதத் தீவிரவாதிகளின் ரகசியக் குழு. அங்கே தொடங்கி அங்கேயே முடித்திருந்தேன். ஐயா படித்துவிட்டு ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே வரி எழுதினார்: "மேயர் என்கிறீர்களே, நகராட்சி எங்கே?"

அந்த வரி என்னை மூன்று வாரம் தூங்கவிடவில்லை. மறுபடி படித்தேன். 1976 ஏப்ரலில், இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த மேற்குக் கரையில் நகராட்சித் தேர்தலை நடத்தியதே இஸ்ரேலிய ராணுவ நிர்வாகம்தான். பெண்களுக்கும் அப்போதுதான் வாக்குரிமை கிடைத்தது. ஒத்துப்போகிற பழைய பிரமுகர்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். பெட்டியைத் திறந்தால் பல ஊர்களில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பக்கம் நின்றவர்கள்: நாப்லஸில் ஷக்கா, ரமல்லாவில் கரீம் கலஃப், ஹெப்ரானில் ஃபஹத் கவாஸ்மி. 1979 நவம்பரில் ஷக்காவைக் கைது செய்து நாடு கடத்த உத்தரவிட்டதும், மற்ற மேயர்கள் கூண்டோடு ராஜினாமா செய்தார்கள். அவர் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அவருக்காக வழக்காடிய ஃபெலிசியா லாங்கர் இஸ்ரேலியக் குடிமகள். டிசம்பரில் உத்தரவு ரத்தாகி, மனிதர் ஊர் திரும்பினார்.

இதைச் சொன்னபோது ஐயா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கூண்டோடு ராஜினாமா என்றால் என்ன என்று எழுதினீர்களா? குழாய் உடைந்தால், சாக்கடை அடைத்தால், மக்கள் நேரே ராணுவ அலுவலக வாசலில் போய் நிற்பார்கள். எந்த அதிகாரிக்குத் தம்பி அது பிடிக்கும்?" என்றார். பேச்சில் நீங்கள் கைதட்டிய இடம் அதுதான். கைத்தட்டல் அவருக்கு.

கல்லூரி ஆசிரியை அக்காவுக்கும் நன்றி. ஷக்காவோடு அதே நாளில் குண்டுக்கு இலக்கான மூன்று மேயர்களுக்கும் கால் போனதாக நான் எழுதியிருந்ததை அவர்தான் பிடித்தார். கலஃபுக்குப் போனது ஒரு பாதம். அல்பீரா மேயர் இப்ராஹிம் தவீல் தப்பித்துவிட்டார். அவர் வீட்டுக் குண்டை அகற்றப் போன ட்ரூஸ் என்ற சிறுபான்மைச் சமூகத்து இஸ்ரேலியப் படைவீரரின் பார்வை போயிற்று. கொஞ்சம் அசந்திருந்தால் மேடையில் பொய் சொல்லியிருப்பேன்.

வளைகுடாவில் செவிலியராக இருக்கும் தங்கை, விடுமுறைக்கு வந்தபோது நாப்லஸ் சோப்பு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஆலிவ் எண்ணெயில் செய்தது. வெள்ளைக் கட்டி, மேலே முத்திரை. வாசனை என்று ஒன்றும் கிடையாது. இவற்றைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி உலர்த்துவார்களாம். ஷக்கா குடும்பத்துக்கும் சோப்புத் தொழிற்சாலை இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளை என்பதை அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னபோது, முன்வரிசைக் குழந்தைகள்கூடக் கவனித்தார்கள்.

கடைசி வரிசையில் இருந்து கேள்வி கேட்ட இளைஞருக்குத் தனியாக. "இஸ்ரேலை எதிர்த்தார், சரி. தம் ஆட்களை எதிர்த்தாரா?" என்று கேட்டார். 1982இல் ராணுவம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியதோடு நான் நிறுத்தியிருந்தேன். அது என் சோம்பல். பாலஸ்தீனத் தலைமை இஸ்ரேலோடு செய்துகொண்ட ஆஸ்லோ சமாதான உடன்பாட்டை ஷக்கா ஏற்கவில்லை. 1999 நவம்பரில், அந்த உடன்பாட்டின்படி அமைந்த பாலஸ்தீன ஆணையத்தின் ஊழலைச் சாடிய இருபது பேர் அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருந்தது. ஆணையத் தலைவர் அராஃபத்தின் நிர்வாகம் அவரை வீட்டுக்காவலில் வைத்தது. சக்கர நாற்காலியில் இருந்தவர் அவர். 2019 ஜூலையில் இறக்கும்வரை நாப்லஸ்காரராகவே இருந்தார்.

பள்ளிவாசல் உஸ்தாத் அவர்களை மறக்கவில்லை. ஷக்கா என்ற பெயரின் கடைசிப் பகுதியில் தொண்டை அடியிலிருந்து வரும் 'ஐன்' என்ற அரபு எழுத்து இருக்கிறது. தமிழில் அதற்கு எழுத்தில்லை. மூன்று மாலைகள் தேநீர் வாங்கிக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். கூட்டம் முடிந்ததும், "இப்போது சரியாக வந்ததா?" என்று கேட்டேன். "அடுத்த வாரமும் வாருங்கள்" என்றார்.