அக்கா, இன்னிக்கு மட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் வாசகர் பக்கத்துல ஒருத்தங்க, குழந்தை பாத்துக்க வர்றவங்க யாரும் நாலு மாசம் கூட நிக்கறதில்ல, சம்பளம் மட்டும் வாய் கூசாம கேக்கறாங்கன்னு எழுதியிருந்தாங்க. படிச்சதும் சுருக்குனு இருந்துச்சு, ஏன்னா போன வருஷம் நானும் இதையேதான் சொல்லிட்டு திரிஞ்சேன்.

மெட்டர்னிட்டி லீவு 26 வாரம் முடிஞ்சு ஆபீஸ் திரும்பறப்ப கண்ணகி நகர்லேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க, காலைல எட்டரைலேர்ந்து சாயந்திரம் ஆறரை வரைக்கும். பேசினது குழந்தைய பாத்துக்க மட்டும்தான். பாட்டில் கொதிக்க வெக்கறது, கேழ்வரகு கஞ்சி காய்ச்சறது, பாப்பா துணிய தனியா அலசறது, அவ எறைச்சுப் போட்ட பொம்மைய எடுத்து வெக்கறது எல்லாம் அதுல சேர்த்திதான், நான் சொல்லாமலே செஞ்சாங்க. அப்புறம் பாத்திரம் தேய்க்கறவங்க வராத ஒரு நாள் "அக்கா இன்னிக்கு மட்டும்"னு ஆரம்பிச்சேன், அந்த இன்னிக்கு மட்டும் வாரத்துல மூணு நாள் ஆச்சு, எங்க துணி மடிக்கறது, வந்தவங்களுக்கு காபி, மூணு விசில் வந்தா குக்கர ஆஃப் பண்றதுன்னு ஏறிட்டே போச்சு. பாப்பா தூங்கறப்ப சும்மாதானே உக்காந்திருக்காங்கன்னு நெனப்பு. அந்த முக்கா மணி நேரத்துலதான் அவங்க சோறு சாப்பிடணும், பாத்ரூம் போகணும்னு எனக்கு தோணவே இல்ல (லன்ச் டைம்ல மீட்டிங் போட்டா எனக்கு வர்ற கோவம் தனி).

ஒரு சனிக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்கன்னு அரை கிலோ சின்ன வெங்காயத்த அக்கா கிட்ட குடுத்துட்டு நான் லேப்டாப்ப தொறந்துட்டேன். பத்து மாசக் குழந்தை தவழ்ந்து வந்து வெங்காயத் தோல வாயில போட்டுக்கிட்டா, தொண்டைல ஒட்டி மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு, அக்காதான் குப்புற போட்டு முதுகுல தட்டி எடுத்தாங்க. மாமியார் எடுத்த எடுப்புல "புள்ளைய பாக்காம அப்படி என்னம்மா பண்ணிட்டிருந்தே"ன்னாங்க. நானும்தான் கத்தினேன். அக்கா ஒண்ணும் பேசல, பாதி உரிச்ச தட்ட மட்டும் ஒரு தடவ பாத்தாங்க.

திங்கக்கிழமை வரல. புதன்கிழமை போன் பண்ணி மன்னிப்பு கேட்டு வரவெச்சு, ரெண்டு பேரும் உக்காந்து ஒரு நோட்டுல எழுதினோம். பாப்பா சம்பந்தப்பட்டதெல்லாம் அவங்க வேலை. எங்க சமையல், எங்க துணி, எங்க பாத்திரம் இல்ல. வேற உதவி வேணும்னா முன்னாடியே கேக்கணும், அதுக்கு தனி காசு, அவங்க முடியாதுன்னா விட்டுடணும். ஆறரை தாண்டினா மணிக்கணக்கு, ஞாயிறு லீவு. கடைசியா அக்கா ஒண்ணு சேக்க சொன்னாங்க, "பாப்பா விழுந்துட்டா என்னாச்சுன்னு மொதல்ல கேளுங்கம்மா, அப்புறம் திட்டுங்க." அதையும் எழுதினேன்.

தமிழ்நாட்டுல வீட்டுவேலை செய்றவங்களுக்குன்னு 2007லயே நலவாரியம் வந்துடுச்சாம், அக்காவுக்கும் தெரியாது, படிச்ச எனக்கும் தெரியாது. 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு, இவங்களுக்கு தனிச் சட்டம் கொண்டு வர்றத பத்தி ஆராய கமிட்டி போடச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. அது வர்றப்ப வரட்டும். வாரியத்துல எப்படி பதியறது, என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்னு நீங்க ஒரு பெட்டிச் செய்தி போட்டீங்கன்னா, கட் பண்ணி எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல நானே ஒட்டிடறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்